ஹாம்ப்ஷயரின் அன்றாடப் பறவைகள்

தென் இங்கிலாந்தில் கடலை ஒட்டி அமைந்த மாவட்டம் ஹாம்ப்ஷயர். காடும் வயலும் தோட்டமும் நிறைந்த இம்மாவட்டத்தில், வீட்டுச் சன்னலிலிருந்தே காணக்கூடிய பறவைகள் பல உண்டு. அவற்றுள் சிலவற்றை அறிவோம்.

ராபின்: முகமும் மார்பும் செம்மஞ்சள் நிறமானவை. தோட்டத்தில் மண்ணைக் கொத்துவோர் அருகிலேயே வந்து புழு பொறுக்கும். குளிர்காலத்திலும் பாடும், பெண் பறவையும் பாடும். சிலுவையில் தொங்கிய இயேசுவின் முள்முடியிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கியபோது, இதன் மார்பு சிவந்தது என்பது மக்கள் வழங்கும் கதை.

பிளாக்பேர்ட்: ஆண் கருநிறம், அலகு மஞ்சள். பெண்ணோ பழுப்பு நிறம். பெயரை மட்டும் நம்பினால் பெண் பறவையைக் கண்டுகொள்ள முடியாது!

டிட்: நீலமும் மஞ்சளும் கலந்த புளூ டிட்டின் எடை சுமார் 11 கிராமே. வாசலில் வைத்த பால் புட்டியின் மூடியைக் கொத்தித் திறந்து, ஆடையை உண்ணும் வித்தையை டிட் இனம் கற்றுக்கொண்டது. இதைப் பற்றிய முதல் குறிப்பு 1921இல், இம்மாவட்டத்தின் ஸ்வேத்லிங்கில் பதிவாயிற்று. பின்னர் இப்பழக்கம் நாடெங்கும் பரவியது.

தகைவிலான்: வசந்தத்தில் வந்து கூடு கட்டும். இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பறந்து தென் ஆப்பிரிக்கா செல்லும்.

இம்மாவட்டத்துச் செல்போர்ன் சிற்றூரில் வாழ்ந்தவர் ஆங்கிலிக்கன் குருவான கில்பர்ட் ஒயிட் (1720–1793). தம் ஊர்ப் பறவைகளையே ஆண்டுக்கணக்கில் கவனித்தார். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றிய மூவகைச் சிறு பறவைகளைப் பாட்டைக் கேட்டே வெவ்வேறு இனங்கள் எனப் பிரித்தறிந்தார். 1789இல் வெளிவந்த அவரது நூல் இன்றும் படிக்கப்படுகிறது.

இறுதியாக, சிட்டுக்குருவி. இது நம் வீட்டு முற்றத்துக்கு வரும் அதே இனம்தான். எங்கும் இருப்பதால் எவரும் பொருட்படுத்தாத இப்பறவை, 1970களுக்குப் பின் பிரிட்டனில் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. 2002இல் ஆபத்திலுள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. புதிய வீடுகளின் கூரையில் கூடு கட்ட இடுக்கு இல்லாமையும், குஞ்சுகளுக்கு வேண்டிய பூச்சிகள் குறைந்ததும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

ஆண்டுதோறும் பலர் பொறுமையாக எண்ணி வந்ததாலேயே இவ்வீழ்ச்சி தெரிய வந்தது. அங்கு 1979இல் சிறுவர் சிறுமியருக்காகத் தொடங்கப்பட்ட தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு, இன்றும் ஒவ்வொரு ஜனவரியிலும் நடைபெறுகிறது. ஒரு மணி நேரம் அமர்ந்து, வரும் பறவைகளை எண்ணிக் குறித்தால் போதும்.

அன்பு மாணவிகளே, மலிவாக விற்கப்படும் குருவியையும் இறைவன் மறப்பதில்லை என்று ஆண்டவர் போதித்தார். அவர் மறவாததை நாம் மறக்கலாமா? ஒரு குறிப்பேடும் சிறிது பொறுமையும் இருந்தால், நம் பள்ளி மரங்களிலும் இப்பாடத்தைத் தொடங்கலாம்.