காசு கொடுத்து வாங்கிய சத்தம் முழுசா வந்து சேரட்டும்

எங்க சேலம் அம்மாபேட்டைக் காதுங்க தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவை. நாடா ஓடுற தாளம் லேசா மாறினாலும் அடுப்படியில் நிற்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும். அப்படிப்பட்ட காதுக்கு, வீட்டில் படம் போட்டால் அரைகுறைச் சத்தம் போதுமா? ப்ளூ-ரே பிளேயர் இருக்கு, அஞ்சாறு ஸ்பீக்கரோட ஹோம் தியேட்டரும் இருக்கு, ஆனால் டிஸ்க்கில் இருக்கும் முழு ஒலி ஸ்பீக்கர் வரைக்கும் வர்றதில்லை. நிறைய வீடுகளில் இதுதான் நிலைமை. ஒரு ஒயரை மாற்றி, ரெண்டு செட்டிங்கைத் திருத்தினாலே வந்துடும். எங்க வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்றேன் தோழிகளே, உங்களுக்கும் உதவட்டும்.

1. டிஸ்க் வாங்கும்போது உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் கட்டத்தைப் படிங்க. 'டால்பி ட்ரூ ஹெச்.டி.', 'டி.டி.எஸ்.-ஹெச்.டி. மாஸ்டர் ஆடியோ', 'எல்.பி.சி.எம்.' இந்த மூணில் ஒண்ணு இருந்தால் அது லாஸ்லெஸ், அதாவது துளியும் இழப்பில்லாத ஒலி. வெறும் 'டால்பி டிஜிட்டல்' என்று மட்டும் இருந்தால், முன்பக்கம் ப்ளூ-ரே என்று எவ்வளவு பெரிசாப் போட்டிருந்தாலும் அது சுருக்கின சத்தம்தான்.

2. அதே கட்டத்தில் மொழியையும் சேர்த்துப் பாருங்க. ஆங்கிலப் பட டிஸ்க்குகளில் ஆங்கிலத்துக்கு லாஸ்லெஸ்ஸும், தமிழ் டப்பிங்குக்கு சாதா டால்பி டிஜிட்டலும் கொடுத்திருக்கலாம். தமிழில் கேட்கத்தான் வாங்குறீங்கன்னா அதுக்குத் தகுந்த விலை கொடுத்தால் போதும்.

3. லாஸ்லெஸ்னா என்னன்னு பிள்ளைங்க கேட்டால், பெட்டியில் இருக்கும் சேலம் வெண்பட்டு வேட்டியை எடுத்துக் காட்டுங்க. எட்டு முழத்தையும் மடிச்சு வைத்தால் கொஞ்ச இடம்தான் பிடிக்கும், எடுத்து உதறினால் எட்டு முழமும் அப்படியே வரும். டி.வி.டி.யில் இருக்கிற டால்பி டிஜிட்டல், இடம் பத்தலைன்னு கண்ணுக்கு அவ்வளவாப் படாத பக்கத்தைக் கத்தரிச்சு வைக்கிற மாதிரி. கட்டினால் நல்லாத்தான் இருக்கும், ஆனால் வெட்டின துணி திரும்பி வராது.

4. ஒண்ணையும் வெட்டாமல் எப்படி இடத்தைக் குறைக்கிறாங்க? சேலைக்குப் பாவுக் கணக்கு எழுதும்போது நாம ஒவ்வொரு இழையையுமா எழுதுறோம்? 'சிவப்பு 40, பச்சை 40, இதே மாதிரி 12 தடவை' என்று எழுதினால் போதும், ஓர் இழையும் தப்பாது. இந்த ஒலியிலும் அதே புத்திதான்: இதுவரைக்கும் வந்த அலையை வைத்து அடுத்தது எப்படி வரும்னு ஒரு கணக்குப் போட்டுட்டு, கணக்குக்கும் நிஜத்துக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை மட்டும் டிஸ்க்கில் எழுதி வைக்கிறாங்க. பிளேயர் அதே கணக்கைப் போட்டு வித்தியாசத்தைக் கூட்டினால் அசல் ஒலி அணு பிசகாமல் திரும்பி வந்துடும். ரெண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவான சத்தத்தை ரெண்டு தடவை எழுதாமல் மிச்சம் பிடிக்கிற வழியும் ட்ரூ ஹெச்.டி.யில் உண்டு. இது இங்கிலாந்தின் மெரிடியன் நிறுவனம் உண்டாக்கின முறையை அடிப்படையா வைத்து வந்தது.

5. பழைய டி.வி.டி.யிலேயே இதைக் கொடுத்திருக்கலாமேன்னு தோணும், ஒரு மனக்கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். நொடிக்கு 48,000 தடவை, தடவைக்கு 24 பிட், ஆறு ஸ்பீக்கருக்கு என்று பெருக்கினால் நொடிக்கு 69 லட்சம் பிட். ரெண்டரை மணி நேரப் படத்துக்கு மடிக்காத சத்தம் மட்டுமே 7.8 ஜி.பி.க்குப் பக்கமா வரும், ரெண்டடுக்கு டி.வி.டி.யின் மொத்த இடமே 8.5 ஜி.பி.தான். அதனால்தான் டி.வி.டி.யில் டால்பி டிஜிட்டலை 448 கிலோபிட்டுக்குள், அதாவது பதினஞ்சில் ஒரு பங்காச் சுருக்கினாங்க. 2006-ல் வந்த ப்ளூ-ரேயில் ஓர் அடுக்குக்கு 25, ரெண்டடுக்குக்கு 50 ஜி.பி. இருந்ததால் முழு ஒலிக்கு இடம் கிடைச்சுது.

6. ஹோம் தியேட்டர் பெட்டிக்குப் போகிற ஒயரை இன்னிக்கே எட்டிப் பாருங்க. நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரியுற மெல்லிசான ஆப்டிகல் ஒயர்னா லாஸ்லெஸ் சரவுண்டு வரவே வராது, அதில் ரெண்டு ஸ்பீக்கருக்கான முழு ஒலியோ, சுருக்கின 5.1 ஒலியோதான் போகும். எங்க வீட்டுக்குப் பெட்டியை மாட்ட வந்தவர் இந்த ஒயரைத்தான் குத்திட்டுப் போனார். சத்தம் நல்லாவே வந்ததால் ஒன்றரை வருஷம் யாருக்கும் சந்தேகமே வரலை. ஒரு நாள் தூசு தட்டும்போது பின்பக்கம் ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை காலியா இருக்கிறதைப் பார்த்து மாற்றிக் குத்தினோம். அன்னிக்குப் போட்ட படத்தில் மழை பெய்யுற இடத்தில், ஓட்டுமேல விழுகிற தண்ணி தனியா, மண்ணில் விழுகிறது தனியாக் காதில் விழுந்துச்சு.

7. தப்பான ஒயரிலும் சத்தம் எப்படி வருதுன்னா, டிஸ்க் செய்கிறவங்க பழைய பெட்டிக்காரங்களையும் விட்டுவிடலை. டி.டி.எஸ். மாஸ்டர் ஆடியோவில் நடுவில் சாதா டி.டி.எஸ். இருக்கும், அதைச் சுற்றித்தான் மிச்ச ஒலி. ட்ரூ ஹெச்.டி.யோட கூடவே ஒரு டால்பி டிஜிட்டலையும் வைத்திருப்பாங்க. பழைய பெட்டி தனக்குத் தெரிஞ்சதை மட்டும் எடுத்துக்கும், அதனால் சத்தம் வருதுங்கிறதை வைத்து மட்டும் திருப்திப்பட்டுடாதீங்க.

8. தங்கமுலாம் பூசின ஹெச்.டி.எம்.ஐ. கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். டி.டி.எஸ். மாஸ்டர் ஆடியோ எகிறிப் போனாலும் நொடிக்கு 24.5 மெகாபிட்தான், கூடவே போகிற படத்தைச் சுமக்கிற கேபிளுக்கு அது ஒரு சுமையே இல்லை. இறுக்கமா உட்காருகிற, தேவையான நீளத்துக்கு மட்டும் இருக்கிற சாதா கேபிளே அதே ஒலியைக் கொடுக்கும்.

9. பிளேயரை முதலில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் குத்துங்க, அங்கிருந்து டி.வி.க்குக் கொண்டு போங்க. டி.வி.யில் குத்திட்டு ஏ.ஆர்.சி. வழியாச் சத்தத்தைத் திருப்பி அனுப்பினால் லாஸ்லெஸ் சரவுண்டு வராது. இ-ஏ.ஆர்.சி. இருக்கிற புது டி.வி.யில் வரும், ஆனால் பெட்டியிலும் இ-ஏ.ஆர்.சி. இருக்கணும்.

10. பிளேயரின் ஆடியோ செட்டிங்கில் 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பி.டி. ஆடியோ மிக்ஸ்' என்று ஒண்ணு இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. மெனுவில் பட்டனை அழுத்தும்போது வருகிற 'டிக்' சத்தத்தையும், இயக்குநர் பேசுகிற விளக்கத்தையும் படத்தோட கலக்கத்தான் அது இருக்கு. அதை ஆன்ல விட்டால், ஆம்ப்ளிஃபயருக்குப் பிரிக்காமல் (அடுத்த குறிப்பில் வருகிற 'பிட்ஸ்ட்ரீம்') அனுப்பும்போது, நிறையப் பிளேயர்கள் முழு ஒலியை விட்டுட்டுச் சுருக்கினதைத்தான் அனுப்பும். இந்த ஒரு குறிப்புக்காகவே நான் உட்கார்ந்து எழுதினேன்னு வச்சுக்கோங்க.

11. 'பிட்ஸ்ட்ரீம்' வைக்கிறதா, 'பி.சி.எம்.' வைக்கிறதான்னு குழம்ப வேண்டாம். முதலாவதில் மடிச்ச வேட்டியை அப்படியே பெட்டிக்கு அனுப்புறோம், ரெண்டாவதில் பிளேயரே பிரிச்சுக் கொடுக்குது. ரெண்டிலும் வேட்டி ஒண்ணுதான். உங்க பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ட்ரூ ஹெச்.டி. தெரியாவிட்டாலும் ஹெச்.டி.எம்.ஐ.யில் பல சேனல் பி.சி.எம். எடுத்துக்கும்னா, பி.சி.எம். வைத்து முழு ஒலியைக் கேட்டுடலாம். அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்க வேண்டியதில்லை.

12. ஹெச்.டி.எம்.ஐ.யே இல்லாத ரொம்பப் பழைய பெட்டியா? பின்னால் ஆறு உருண்டை ஓட்டைகள் '5.1 இன்' என்று இருக்கான்னு பாருங்க. அதே மாதிரி ஆறு ஓட்டை இருக்கிற பழைய ப்ளூ-ரே பிளேயர் கைமாறும் விலைக்குக் கிடைத்தால் விடாதீங்க, ஆறு சாதா ஆடியோ ஒயரில் வேலை முடிஞ்சுடும்.

13. பையன் விளையாடுகிற பிளேஸ்டேஷன் 3, 4, டிஸ்க் போடும் வாய் வைத்த 5, எல்லாமே ப்ளூ-ரே பிளேயர்தான். தனிப் பிளேயர் வாங்கும் முன்னாடி அதைக் குத்திப் பாருங்க.

14. எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க ஆம்ப்ளிஃபயரின் முகப்பு எழுத்தே போதும். அங்கே ட்ரூ ஹெச்.டி. அல்லது டி.டி.எஸ்.-ஹெச்.டி. மாஸ்டர் என்று ஓடணும். பி.சி.எம். வைத்திருந்தால் 'மல்டி' என்று சேர்த்து வரும். வெறும் 'டால்பி டிஜிட்டல்' என்று ஓடினால் 6, 9, 10 குறிப்புகளை மறுபடியும் பாருங்க, டிஸ்க்கின் மெனுவில் மொழியையும் பார்த்துடுங்க.

15. ரெண்டு ஸ்பீக்கர் சவுண்ட்பார் மட்டும் வைத்திருக்கிறவங்க, லாஸ்லெஸ் 7.1-க்காகக் கூடுதலாச் செலவழிக்காதீங்க. எட்டு வழிச் சத்தத்தையும் அது ரெண்டில்தான் கலக்கும். அந்தக் காசுக்கு நல்ல ரெண்டு டிஸ்க் வாங்கிடலாம்.

16. மொசைக் தரையும் வெறும் சுவரும் இருக்கிற ஹாலில் எவ்வளவு சுத்தமான ஒலியும் எதிரொலிச்சுக் குழம்பும். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரிங்க, பின்சுவரில் பழைய கம்பளியோ மொத்தமான திரையோ தொங்க விடுங்க. கைதட்டிப் பார்த்தால் முன்னே 'ணங்'னு அடிச்சது 'டப்'னு நின்னுடும்.

17. தையல் டேப்பை எடுத்து, முன்னாடி இருக்கிற ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் உள்ள தூரமும், ஒவ்வொண்ணுக்கும் நீங்க உட்காருகிற இடத்துக்கும் உள்ள தூரமும் சமமா வருகிற மாதிரி வையுங்க. பக்கத்து ஸ்பீக்கர் ரெண்டும் காதுக்கு நேரா இல்லாமல் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கட்டும். அளந்த தூரத்தைப் பெட்டியின் செட்டிங்கிலும் எழுதிடுங்க. அப்போதான் கிட்ட இருக்கிறதைக் கொஞ்சம் தாமதிச்சு, எல்லாச் சத்தத்தையும் ஒண்ணாக் காதுக்குக் கொண்டு வரும்.

18. சப்-வூஃபரை எங்கே வைக்கிறதுன்னு தெரியலையா? அதைத் தூக்கி உங்க நாற்காலியில் வையுங்க, உறுமல் நிறைய இருக்கிற பாட்டைப் போட்டுட்டுச் சுவரோரமா மெதுவாக் குனிஞ்சு நடந்து பாருங்க. எந்த மூலையில் உறுமல் பிசுபிசுக்காமல் கேட்குதோ அங்கேயே வைத்துடலாம். 5.1-ல் அந்தப் புள்ளி ஒண்ணு இதுக்குத்தான், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் இடி, வெடி எல்லாம் இதன் பங்கு.

19. ஸ்பீக்கர் ஒயருக்கு எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் ரெண்டு இழைத் தாமிர ஒயர், 1.5 சதுர மில்லிமீட்டர், தாராளம். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு மாறாமல் மாட்டுங்க. ஒரே ஒரு ஸ்பீக்கர் மாறிப் போனாலும் பாட்டு வயிறு ஒட்டின மாதிரி ஒலிக்கும்.

20. லாஸ்லெஸ்ஸில் மெதுவான சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இடைவெளி அதிகம். வசனம் கேட்கலைன்னு ஏற்றினால் அடுத்த காட்சியில் குண்டு வெடிச்சுக் குழந்தை எழுந்துடும். ராத்திரியில் 'நைட் மோட்' அல்லது 'டைனமிக் ரேஞ்ச்' செட்டிங்கை ஆன் பண்ணுங்க. பாட்டிக்கு வசனம் பத்தலைன்னா மொத்த வால்யூமைத் தொடாமல் நடு ஸ்பீக்கரை மட்டும் ரெண்டு மூணு படி ஏற்றினால் போதும்.

21. பக்கத்தில் விசைத்தறி ஓடுற நேரத்தில் லாஸ்லெஸ்ஸுக்கும் சாதாவுக்கும் வித்தியாசம் தேடாதீங்க, மெல்லிய சத்தமெல்லாம் அதில் அமுங்கிப் போகும். தறி நிற்கிற நேரம் பார்த்துப் போடுங்க.

22. டிஸ்க்கைத் துடைக்கும்போது வட்டமா இல்லாமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராத் துடைங்க. பழைய சி.டி.யில் பற்பசை தேய்ச்சுக் கீறல் போக்கின பழக்கத்தை இதில் காட்டவே கூடாது. டி.வி.டி.யில் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிற பதிவு, ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீட்டர் கீழே இருக்கு. அதைக் காக்கும் கெட்டிப் பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டால் டிஸ்க் போச்சு. கழுவித் தேய்ந்த மல் வேட்டித் துண்டு, இதுக்கு அதைவிடப் பதமான துணி கிடையாது.

23. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட டிஸ்க் சொல்லி அனுப்பும்போது மண்டல எழுத்தைக் கேட்டுக்கோங்க. நம்ம நாடு 'சி', சிங்கப்பூர் 'ஏ', துபாய் 'பி'. மூணு எழுத்தும் போட்டது எங்கேயும் ஓடும், 4கே அல்ட்ரா ஹெச்.டி. டிஸ்க்குக்கு இந்தக் கட்டுப்பாடே இல்லை.

24. ஓ.டி.டி.யில் அட்மாஸ் என்று வருகிறது பெரும்பாலும் சுருக்கின டால்பி டிஜிட்டல் பிளஸ் மேல ஏற்றினது, டிஸ்க்கில் அதே அட்மாஸ் ட்ரூ ஹெச்.டி. மேல உட்கார்ந்திருக்கும். 2012-ல் 'சிவாஜி' 3டி-யை அட்மாஸில் தியேட்டரில் கேட்டவங்களுக்கு, தலைக்கு மேலே சத்தம் நகர்ந்தது இன்னும் நினைவிருக்கும். ஒரு தடவை பார்த்து விடுகிற படத்துக்கு ஓ.டி.டி. போதும், திரும்பத் திரும்பப் பார்க்கிற படத்தை டிஸ்க்கா வாங்குங்க.

25. பழைய படத்துக்குச் சரவுண்டைத் திணிக்காதீங்க. நம்ம ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸில் எடுத்து 1956-ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' மாதிரிப் படங்கள் ஒற்றை வழிச் சத்தத்தில் எடுத்தவை. பெட்டியில் இருக்கிற 'ஹால்', 'ஸ்டேடியம்' மோடெல்லாம் அணைச்சுட்டு 'டைரக்ட்' வைத்துப் போட்டால், பாடுகிறவங்க குரல் கணீர்னு நடுவில் நிற்கும்.

26. எல்லாம் சரியா அமைஞ்ச அன்னிக்கே ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி 'பிளேயர்', 'டி.வி.', 'இடது முன்', 'வலது பின்' என்று எழுதிடுங்க. செட்டிங்கைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்க. பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டாலும், திரும்ப மாட்டப் பத்து நிமிஷம்தான் ஆகும்.