சந்திப்பு அறையில் எழுதும் நோட்டு

மார்க்கையன்கோட்டை

அன்புள்ள மருமகளுக்கு,

மதுரைக் குடும்ப நல நீதிமன்றத்தில் கவுன்சலராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னதும் மனசு நிறைந்துவிட்டது. பிரிந்து வாழும் அப்பாவோ அம்மாவோ பிள்ளையைப் பார்க்க வரும்போது கூடவே உட்கார்ந்து, நடந்ததை எழுதித் தருவதும் உன் பொறுப்பாமே. நானும் பார்த்த வேலை அது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எந்தப் பிள்ளையிடமும் "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதே. சமரசப் பேச்சில் பேசியது வெளியே போகாது என்பது பொது விதி. ஆனால் பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கில் கவுன்சலரின் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. "நீ சொல்றதை ஜட்ஜ்கிட்ட சொல்ல வேண்டி வரலாம்மா" என்று முதலிலேயே சொல்லிவிடு. சின்னப் பிள்ளைக்கும் அது புரியும். தப்பாகத் தொட்டதாகப் பிள்ளை சொன்னால் நோட்டில் எழுதியதோடு நிற்காதே. 2012-இன் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது குற்றம்.

எழுதும்போது, இரு தரப்பு வக்கீலும் ஒரு நாள் அதை வரிவரியாகப் படிப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுது. "குழந்தை தந்தையை வெறுக்கிறாள்" என்று எழுதாதே. "தந்தை 10.40-க்கு வந்தார். குழந்தை கதவோரம் நின்றாள். 'அம்மா வெளியதான இருக்காங்க?' என்று இரண்டு முறை கேட்டாள். 11 மணிக்கு மேல் அவர் கொண்டுவந்த கலர் பென்சிலை எடுத்து வரைந்தாள்" என்று எழுது. வெறுப்பா, பயமா, வெறும் கூச்சமா என்பதை நீதிபதி முடிவு செய்யட்டும். அன்றைக்கே எழுதிவிடு. திருத்த நேர்ந்தால் ஒரு கோடு போட்டுச் சுருக்கொப்பம் வை. வெள்ளை மை பூசிய பக்கத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

மேஜை மேல் விரித்து வைக்கும் கையெழுத்து ரெஜிஸ்டர்தான் எனக்குப் பெரிய பயம். கையெழுத்துப் போட வருகிறவர் மேல் வரியைப் படிக்காமல் போவதில்லை. அடி தாங்காமல் வீடு மாறிப் போனவளின் புது விலாசமும் பிள்ளையின் பள்ளிப் பெயரும் அதில் இருந்தால் என்ன ஆகும், யோசி. வழக்குக்கு ஒரு தனித் தாள் வை. மேலே வழக்கு எண் மட்டும் போதும். விலாசம் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். உன் செல்போனில் எந்தப் பிள்ளையின் படமும் வேண்டாம்.

தம்பதியில் ஒருவர் கேட்டாலே கதவை அடைத்து விசாரிக்கச் சொல்கிறது 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. அப்படி விசாரித்ததை நாம் பஸ்ஸில் பேசலாமா? பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்று நினைக்காதே, தாயி. சின்னமனூர் பஸ்ஸில் "கொடிக்கால்காரர் பேத்தி, அப்பன் திருப்பூர்ல" என்றால் இறங்குவதற்குள் வீட்டையே கண்டுபிடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார வேண்டுமே.

நம்ம பக்கத்துப் பெண் மதுரையில் குடியிருந்தால் அவள் வழக்கு உன் மேஜைக்கே வரக்கூடும். சொந்தமோ, தெரிந்தவர்களோ என்றால் முதல் நாளே நீதிபதியிடம் சொல்லி வேறு கவுன்சலரிடம் மாற்றச் சொல். அப்படி ஒரு வழக்கு வந்ததாக உன் அப்பாவிடமும் சொல்லாதே, என்னிடமும் சொல்லாதே.

அன்புடன்,
அத்தை