கான் வழியாக வீட்டுக்குள் வரும் எலி



எலி எங்கேயிருந்து வருது என்று கேட்டால் நம்மில் பலர் கூரையைத்தான் காட்டுவோம். கூரையில் ஓடுவது உண்மைதான். ஆனால் கூரைக்கு ஏறுமுன் அது தரையில் எங்கேயோ ஓர் ஓட்டையால் நுழைந்திருக்கும். அந்த ஓட்டை பல வீடுகளில் தண்ணி போகும் வழியாகவே இருக்கிறது. அதைத் தேடிப் பார்ப்பதில்லை. பொறியை வைக்கிறோம், ரெண்டு மூணு பிடிபடுகிறது, மறுவாரம் வேறு எலி வருகிறது.

எங்கள் தோட்டத்திலிருந்து கல்யாணம் முடித்து யாழ்ப்பாணம் கொழும்புத்துறைக்குப் போன பிள்ளை ஒருத்தியும் இதையே கேட்டிருக்கிறார். பொறி வைத்தாகிவிட்டது, மருந்தும் வைத்தாகிவிட்டது, இன்னும் அடுப்படியில் எலி. அவருக்கும் உங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

கொழும்புத்துறை கடல்நீரேரிக் கரையில் இருக்கிற ஊர். தட்டையான நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணி ஓட வழியில்லாமல் கானிலும் வளவிலும் நிற்கும். கான் ஓரத்து வளைகளில் தண்ணி ஏறியதும் எலி உலர்ந்த இடம் தேடி வீட்டுக்கு வந்துவிடும். அங்கே அகழான் என்பார்கள், நாம் பெருச்சாளி என்கிறோம். அது கான் கட்டுக்கு அடியிலேயே குடைந்து சுவர்ப்பக்கம் வரும். நம் மலையில் தண்ணி நிற்காது. ஆனால் லயத்துக்குப் பின்னால் ஓடும் கான் எல்லா வீட்டு அடுப்படியையும் தொட்டுக்கொண்டு போகிறது. சோறும் பருப்பும் அதில்தான் விழுகிறது. எலிக்கு அது சாப்பாட்டுக் கடை உள்ள ரோட்டு.

இதில் அரிசி நட்டம் மட்டுமா? 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயலோடு வந்த வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாண மாவட்டத்தில் கரவெட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரிப் பக்கங்களில் ஒரு காய்ச்சல் பரவியது. முதலில் என்ன காய்ச்சல் என்று தெரியவில்லை. இரத்தத்தைப் பரிசோதித்த பிறகே எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. டிசம்பர் நடுப்பகுதிக்குள் ஏழு பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. 2008ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 7,000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் என்று பதிவாகி, 200 பேரளவில் இறந்தார்கள். வயல்காரருக்கு வரும் நோய் என்று சொல்லிவிட்டு நாம் இருக்க முடியாது. எலியின் மூத்திரம் கலந்த தண்ணியும் சேறும் காலில் உள்ள வெட்டில், கீறலில் பட்டால் போதும். கொழுந்து மலையில் நிற்கிறவர்களின் காலைப் பார்த்தால் தெரியும், அட்டை கடித்த இடமும் தேயிலைக் கட்டை கீறிய இடமும் என்றைக்கு ஆறியிருக்கிறது?

சரி, வழியை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் புழுக்கையைப் பாருங்க. நுனியில் வெள்ளையாக இருந்தால் அது பல்லியுடையது. எலியுடையது முழுவதும் கறுப்பு, பெரிய எலி என்றால் அரை அங்குலம் வரும். மினுக்கமாக, ஈரமாக இருந்தால் புதிது. எலி சுவரை ஒட்டியே ஓடும். ஒரே வழியால் போய்வருவதால் அதன் மேலில் உள்ள எண்ணெய் அழுக்கு சுவரில் கறுப்புக் கோடாகப் படியும். அந்தக் கோட்டைப் பிடித்துப் போனால் ஓட்டை வரும்.

அப்படியும் தெரியாவிட்டால் ராத்திரி படுக்கப் போகும்போது அடுப்புச் சாம்பலைச் சலித்து, சுவர் ஓரத்திலும் தண்ணி போகும் ஓட்டையின் முன்னும் மெல்லிசாகத் தூவி விடுங்க. காலையில் கால்தடம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்டிவிடும். சந்தேகமான ஓட்டைகளில் பழைய பேப்பரை உருட்டி அடையுங்க. மறுநாள் எது வெளியே தள்ளப்பட்டுக் கிடக்கிறதோ அதுதான் வழி. காசு செலவில்லாத வேலை, பிள்ளைகளுக்கும் விருப்பமாக இருக்கும். ஆனால் புழுக்கையை அவர்கள் கையால் தொட விடாதீங்க.

குழாய் புதைத்த வீடுகளுக்கு, கொழும்புத்துறைத் தங்கச்சி வீடும் அப்படித்தான், இன்னொரு சோதனை உண்டு. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணியில் கரைத்து, பாத்திரம் கழுவும் இடத்தில் ஊற்றுங்க. நீலத் தண்ணி குழாய் முடிவில் வராமல் சுவர் ஓரத்து மண்ணில் கசிந்தால் உள்ளே குழாய் உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தால் எலி மண்ணுக்குள் இறங்கி, தரைக்கு அடியில் வளை போட்டுவிடும். அந்தத் துண்டை மாற்றாமல் மேலே பூசுவது வீண்.

அடைப்பதற்குத் துணி, பலகை, பிளாஸ்டிக் எதுவும் உதவாது. எலியின் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அது கடித்துத்தான் ஆக வேண்டும். ஓட்டைக்குள் கம்பி வலையைச் சுருட்டித் திணித்து, மேலே சீமெந்து போடுங்க. மணல் கூடிய பச்சைப் பூச்சையும் கடித்துவிடும் என்பதால் காயும்வரை ஒரு தகரத்தைச் சாத்தி வையுங்க. தண்ணி போக வேண்டிய வாய்க்குக் கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலை போட வேண்டும். கோழி வலையின் கண் பெரிது. ஐந்து ரூபாய்க் குத்தி போகிற ஓட்டையில் குட்டி எலி போய்விடும். வலையில் சோறு அடைக்கும், அதனால் கழற்றிக் கழுவக்கூடியதாகப் பொருத்தி, பின்னேரம் ஒருதடவை கழுவி விடுங்க.

லயத்தில் ஒரு வீடு மட்டும் அடைத்துப் பயனில்லை. ஒரே கூரை, ஒரே கான். நாலாம் வீட்டில் நுழைந்தது சுவருக்கு மேலால் முதலாம் வீட்டுக்கு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. உடைந்த கானைக் கட்டுவது மட்டும் குடும்பங்களின் தலையில் விழக்கூடாது என்பது எங்கள் எண்ணம். எந்த லயம், எத்தனை அடி உடைந்திருக்கு என்று எழுதி நிர்வாகத்திடம் கொடுங்க, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்க. வாயால் சொன்னது மழையோடு போய்விடும்.

எலி மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளும் நாயும் கோழியும் திரிகிற லயத்தில் அதை நாங்கள் விரும்புவதில்லை. மருந்து தின்ற எலி சுவருக்குள் செத்து நாறும். வழி திறந்திருந்தால் அதன் இடத்துக்கு இன்னொன்று வரும். உள்ளே மிஞ்சியதைப் பிடிக்க, வழியை அடைத்த பிறகு சுவரை ஒட்டிப் பொறி வையுங்க.

கான் துப்புரவுக்கு இறங்கும்போது பூட்ஸ் போடுங்க, கையில் உறை போடுங்க, புண்ணைக் கட்டிக்கொள்ளுங்க. புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாமல், குளோரின் தூள் கரைத்த தண்ணியை ஊற்றிச் சற்றுநேரம் விட்டு வழித்து எடுங்க. செத்த எலியைப் பையில் பிடித்துப் புதையுங்க.

அதற்குப் பிறகு வரும் நாட்களில் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு வந்தாலோ மூத்திரம் குறைந்தாலோ பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்காதீங்க. பெரும்பாலும் ஒன்று ரெண்டு கிழமைக்குள் தெரியும், ஒரு மாதம் வரையும் போகலாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்காவிட்டாலும் “கான் வெட்டினேன், எலி இருந்த இடம்” என்று நீங்களே சொல்லுங்க. நேரத்தோடு தெரிந்தால் சுகப்படுத்த மருந்து இருக்கு. முன்கூட்டியே எடுக்கும் மாத்திரையும் உண்டு. அது உங்களுக்குத் தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்க, அடுத்த வீட்டாரிடம் வாங்கிப் போடாதீங்க.

தங்கச்சி கடைசியாகக் கேட்டது, பூட்டிக் கிடக்கும் பின்பக்கத்துக் கக்கூஸ் பற்றி. எலி நன்றாக நீந்தும், கோப்பையில் தண்ணி நின்றாலும் ஏறி வரக்கூடும். பாவிக்காமல் விட்டு வளைவிலுள்ள தண்ணியும் வற்றிவிட்டால் வழி முழுக்கத் திறந்தேதான். கிழமைக்கு ஒரு வாளி ஊற்றி, கோப்பையின் மேல் கனமான கல் பலகை ஒன்றைச் சாத்தி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.