டேப்பட் கணக்கு: காரின் வால்வுகளுக்கு எக்ஸெலில் ஒரு பேரேடு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெலைத் திறந்ததும் வீட்டு வரவு செலவை எழுதிப் பார்ப்பார்கள். பால் கணக்கு, மளிகைக் கணக்கு என்று நாலு நாள் ஓடும், பிறகு நின்றுவிடும். இந்த மாதம், வருடத்துக்கு இரண்டு வரிசை மட்டும் எழுத வேண்டிய ஒரு கணக்கைப் போட்டுப் பழகுவோம். வீட்டில் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தால் போதும்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் வர இன்லெட் வால்வ், புகை வெளியேற எக்ஸாஸ்ட் வால்வ். பல இன்ஜின்களில் இவற்றை அழுத்தித் திறப்பது ராக்கர் ஆர்ம். ராக்கருக்கும் வால்வ் தண்டின் நுனிக்கும் நடுவே மயிரிழை போல ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். சூடானதும் உலோகம் நீளும் அல்லவா, அதற்காக. மெக்கானிக்குகள் இதை டேப்பட் கேப் என்பார்கள்.

இடைவெளி கூடிவிட்டால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். உடனே மெக்கானிக்கிடம் ஓடுவோம். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. "இன்ஜின் பட்டு மாதிரி ஓடுது" என்று சந்தோஷப்படுவோம். ஆபத்து இங்கேதான். எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டை இறக்கி வைப்பது, மூடியபடி வால்வ் சீட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வ் முழுதாக மூடாது. நெருப்பு அந்தச் சந்து வழியே கசிந்து ஓரத்தை எரித்துவிடும். பிறகு ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். காஸ் கிட் பொருத்திய பழைய கார்களில் வால்வ் சீட் சீக்கிரம் தேயும், இடைவெளியும் அதோடு சேர்ந்து சுருங்கும். காதால் கண்டுபிடிக்க முடியாத இதை எண்களால் கண்டுபிடிக்கலாம்.

உங்கள் காரில் இது உண்டா?

பொத்தேரியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் சற்றுத் தள்ளி மறைமலைநகர். அங்கிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் 1999 முதல் ஐகான் கார் தயாரானது. (2022-ல் அங்கே கார் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.) ஐகானின் முதல் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் டேப்பட்டை ஸ்க்ரூ திருப்பி வைக்க வேண்டும். அதே காரின் 1.6 லிட்டர் ரோகாம் இன்ஜினில் ஹைட்ராலிக் அட்ஜஸ்டர்; ஆயில் அழுத்தமே இடைவெளியைச் சரி செய்துகொள்ளும். ஆக, கார் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஓனர்ஸ் மேனுவலைப் பாருங்கள். 1983 முதல் 2014 வரை வந்த மாருதி 800-ல், மூன்று சிலிண்டர் ஆறு வால்வ் கொண்ட மாடல் ஸ்க்ரூ வகை. நம் பயிற்சிக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

எக்ஸெலில் எழுதும் முறை

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் செய்யலாம். முதல் வரிசையில் தலைப்புகள்: தேதி, கி.மீ., முன்/பின், பிறகு ஆறு வால்வுகளுக்கும் இன் 1, எக் 1, இன் 2, எக் 2, இன் 3, எக் 3.

மூன்றாவது தலைப்பைக் கவனியுங்கள். பெரும்பாலான மெக்கானிக்குகள் கவரைத் திறந்ததும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீலர் கேஜை நுழைத்து, சரி செய்து மூடிவிடுவார்கள். திறந்தபோது எவ்வளவு இருந்தது என்பது அத்தோடு போய்விடும். நமக்கு வேண்டியதே அந்த எண். "தொடறதுக்கு முன்னாடி அளந்து சொல்லுங்கண்ணே" என்று கேட்டு, ஆறு எண்களையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அது 'முன்' வரிசை. சரி செய்த பிறகு உள்ள அளவு 'பின்' வரிசை. மேனுவலில் குளிர்ந்த இன்ஜினுக்கு என்று அளவு போட்டிருந்தால், காரை முதல் நாள் இரவே விட்டுவிட்டு வருவது நல்லது.

அடுத்த முறை அளந்ததும், கீழே ஒரு காலிச் செல்லில் சமக்குறியைத் தட்டுங்கள். போன முறையின் 'பின்' செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, இந்த முறையின் 'முன்' செல்லைக் கிளிக் செய்து எண்டர் தட்டுங்கள். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையிலுள்ள சின்னச் சதுரத்தை மவுஸால் பிடித்து வலப்பக்கம் இழுத்தால் ஆறு வால்வுக்கும் விடை வந்துவிடும். உதாரணத்துக்கு, ஐந்து வால்வுகளில் 0.01, 0.02 மி.மீ. என்று வந்து, எக் 1-ல் மட்டும் 0.08 என்று வந்தால், அந்த வால்வ் சீட் வேகமாகத் தேய்கிறது என்று சந்தேகிக்கலாம். கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள்.

எண் உள்ள செல்களைத் தேர்வு செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் என்று போய், மேனுவலில் உள்ள குறைந்தபட்ச அளவைக் கொடுத்தால், அதற்குக் கீழே போனவை சிவப்பாகும். இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் அளவு வேறாக இருந்தால் தனித்தனியே செய்யுங்கள்.

கவரைத் திறந்தபோதே ஒரு போட்டோ

டேப்பட் கவர் திறந்திருக்கும்போது செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். உலோகம் பளிச்சென்றோ தேன் நிறத்திலோ இருந்தால் நல்ல பராமரிப்பு. மூலைகளில் கறுப்புச் சேறு படிந்திருந்தால் ஆயில் மாற்றத் தாமதமாகிறது என்று அர்த்தம். ஹைட்ராலிக் இன்ஜின்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். மெல்லிய ஆயில் துவாரம் அடைத்தால் அட்ஜஸ்டர் வேலை செய்யாமல் 'டிக் டிக்' ஆரம்பிக்கும்.

வீட்டிலிருந்து பொத்தேரி ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு என்று மட்டும் ஓடும் கார்களில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். கிலோமீட்டர் குறைவாகத்தானே ஓடியது என்று விடாமல், மேனுவலில் சொன்ன மாதக் கணக்குப்படி ஆயில் மாற்றுங்கள். வாரம் ஒரு முறை செங்கல்பட்டு வரை போய் வந்தாலும் நல்லது. ஆயில் மூடியின் உள்ளே வெண்ணெய் போலப் படிந்திருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

சர்வீஸில் 'இன்ஜின் ஃப்ளஷ்' என்று ஒரு டப்பாவை நீட்டுவார்கள். சுத்தமான இன்ஜினுக்கு அது வீண் செலவு. அழுக்கு இன்ஜினிலோ, பெயர்ந்த சேறு ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைத்துவிடும் அபாயம் உண்டு. நான் வாங்க மாட்டேன்.

"ஸ்கேனரை மாட்டினால் கம்ப்யூட்டரே சொல்லிவிடாதா?" என்று கேட்கலாம். காரிலுள்ள கம்ப்யூட்டர் ஆக்சிஜன் சென்சாரைப் படிக்கும், மிஸ்ஃபயரைச் சொல்லும். டேப்பட் இடைவெளியை அளக்கும் சென்சார் அதில் கிடையாது. மிஸ்ஃபயர் கோட் வரும்போது வால்வ் எரிந்தே போயிருக்கலாம்.

படங்களுக்கு ஒரு போல்டர் திறந்து, பைல் பெயரை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் கொடுங்கள். 2026-01-15 என்று கொடுத்தால் பெயர்வாரியாக அடுக்கும்போது தானாகவே தேதி வரிசையில் நிற்கும். எக்ஸெல் பைலையும் அதே போல்டரில் போட்டு, பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.