பழைய படுதாவுக்கு மெழுகு போடும் முன்



ஆவணி பிறந்ததும் பரணில் கிடக்கும் படுதா கீழே இறங்கும். குறுவை அறுவடைக்கு நாள் எண்ணுகிற வீடுகளில் இது வழக்கம்தான். விரித்துப் பார்த்தால் மடிப்புக்கு மடிப்பு வெள்ளைப் பூஞ்சை. தையல் விட்ட இடங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிக்கண் மாதிரி ஓட்டைகள்.

"ஏங்க, போன வருஷமே ஒழுகிச்சு. இந்த வருஷ மழைக்கு இது தாங்காது" என்பார் மனைவி.

"அதுக்கென்ன, ரெண்டு கிலோ மெழுகு, அஞ்சு லிட்டர் பெட்ரோல். காய்ச்சித் தடவினா புதுசாட்டம் ஆயிடும்" என்பார் கணவர்.

அந்தப் பெட்ரோல் பேச்சுக்காகவே இந்தத் துண்டுப் பிரசுரம்.

படுதா ஒழுகுவது சின்ன விஷயம் அல்ல என்பது எங்களுக்கும் தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஐப்பசி மழையில் ஒரு இரவு நனைந்தால் மூட்டை முளைவிட்டுவிடும். ஆறு மாதப் பாடு போகும். ஆகவே படுதாவைச் சரி செய்யுங்கள். எப்படிச் செய்வது என்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். நீங்கள் திண்ணையில் மெழுகு கரைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆவி நடை தாண்டி, பின்கட்டில் எரிகிற அடுப்பைப் போய்த் தொடும். தொட்ட மாத்திரத்தில் நெருப்பு வந்த வழியே திரும்பி உங்கள் கைக்கு வந்து சேரும். "அடுப்பு அங்கே இருக்கு, நாம இங்கே இருக்கோம்" என்ற நினைப்பு இதனால்தான் உதவாது. மண்ணெண்ணெய் இவ்வளவு வேகம் காட்டாது. ஆனால் துணியில் ஊறிவிட்டால் அது விளக்குத் திரி மாதிரிதான். சூடாக்கினால் அதுவும் பெட்ரோலுக்கு இளைத்தது அல்ல.

இப்படித் தோய்த்த துணி காய்ந்த பிறகும் ஆபத்து போவதில்லை. 1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தது. மழை ஒழுகாமல் இருக்க மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசிய கூடாரம் அது. சில நிமிஷங்களில் முழுவதும் எரிந்து விழுந்தது. 160 பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மெழுகு ஏற்றிய படுதாவைச் சமையல்கட்டுக்குக் கூரையாகக் கட்டுகிற வீடுகளை நாமும் பார்க்கிறோம். அடுப்பு இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

லாரி செட்டில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எஞ்சினில் இறக்கிய கறுப்பு ஆயிலைப் படுதாவில் தேய்ப்பது. காசில்லாமல் கிடைக்கிறதே என்று செய்கிறார்கள். பலகாலம் தோலில் பட்டால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் அந்த ஆயிலில் இருக்கின்றன. இங்கிலாந்தின் பருத்தி மில்களில் நூற்பு இயந்திரத்தின் எண்ணெய் தொழிலாளிகளின் உடுப்பில் ஊறி, தொடையிடுக்கில் புற்று வந்தது. அதற்காகவே அங்கே 1953-ல் தனி விதிகள் போட வேண்டி வந்தது. ஆயில் பட்ட சட்டையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். அம்மா, அந்தச் சட்டையைக் குழந்தைத் துணியோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள்.

சரி, வேறு என்னதான் வழி?

படிகாரமும் சோப்பும் போதும். நெருப்புப் பயம் இல்லாத பழைய முறை இது. முதலில் படுதாவை வெயிலில் போட்டு உலர்த்துங்கள். பூஞ்சையை உலர்ந்தபடியே தட்டிப் பெருக்காதீர்கள். அந்தத் தூசி இளைப்பு உள்ளவர்களுக்கு மூச்சை அடைக்கும். ஈரத் துணியால் துடைத்த பின், மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு தேங்காய் நார்ப் பிரஷ்ஷால் தேயுங்கள். வெறும் தண்ணீரில் அலசுங்கள். சோப்புத்தூள் வேண்டாம், அது துணியில் தங்கினால் தண்ணீரை உள்ளே இழுக்கும். தையல் விட்ட இடங்களை இப்போதே தைத்துவிடுங்கள்.

பிறகு அரைக் கிலோ சலவை சோப்பைச் சீவி 10 லிட்டர் வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயிலிருந்து செய்த பழைய மாதிரிக் கட்டி சோப்பாக இருக்க வேண்டும். உறையில் 'டிடர்ஜென்ட்' என்று போட்டிருந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும், நல்ல தண்ணீராகப் பாருங்கள். சூடாக இருக்கும்போதே படுதாவில் பிரஷ்ஷால் பூசி ஊறவிடுங்கள். அரை ஈரமாகக் காய்ந்ததும், இன்னொரு 10 லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ படிகாரத்தைக் கரைத்து அதன் மேல் பூசுங்கள். சோப்பும் படிகாரமும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத மெழுகு மாதிரி ஒன்று நூலுக்கு நூல் படியும். லேசாக ஒரு முறை அலசி, முழுக்கக் காயவிட்டு, மறுநாள் இன்னொரு முறை இதையே செய்யுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் படிகாரம் எரியும். ரப்பர் கையுறை நல்லது. கண்ணில் பட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள்.

காய்ந்த படுதாவின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சேப்பங்கிழங்கு இலையில் உருள்வது போல உருண்டால் வேலை முடிந்தது. உண்மையைச் சொல்கிறோம்: இது மெழுகு அளவுக்கு நாள் தாங்காது. அடுத்த வருஷமும் செய்ய வேண்டியிருக்கும். இந்தப் படுதா குவியலை மூட மட்டும்தான். நெல் காயப்போடவும் சாப்பாட்டுச் சாமான் பரப்பவும் வேறு பாய் வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் ஓரங்களுக்கு மட்டும் மெழுகு வேண்டுமானால் காய்ச்சவே வேண்டியதில்லை. உச்சி வெயிலில் படுதா சுடும்போது மெழுகுவர்த்தித் துண்டால் அழுத்தித் தேயுங்கள், தானே இளகி இறங்கும். உருக்கித்தான் தீர வேண்டும் என்றால் வாசலில், தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். மெழுகு சுமார் 60 டிகிரியிலேயே உருகிவிடும். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, மெழுகும் தீப்பிடிக்கும் சூட்டை எட்டாது. நேரடி அடுப்பில் வைத்து மறந்தால் எட்டிவிடும். அப்படிப் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது; மெழுகு வெடித்துச் சிதறும். மூடியால் மூடுங்கள், அடுப்பை அணையுங்கள். வேலை செய்யும்போது நைலான் சேலை கட்ட வேண்டாம். பருத்திச் சேலை கட்டி முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் போடுகிறார்கள். அந்த எண்ணெய் காயும்போது தானாகவே சூடு ஏறும்; குவியலாக இருந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். கந்தலைத் தண்ணீரில் முக்குங்கள், அல்லது வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள். எண்ணெய் பூசிய படுதாவையும் நன்றாகக் காயும் முன் மடிக்கக் கூடாது.

மனைவி கர்ப்பமாக இருந்தாலோ, கைக்குழந்தை இருந்தாலோ இந்த வேலையில் அவர் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. பெயின்ட் அடித்த பழைய படுதாவானால் கட்டாயம் ஒதுங்கியிருக்க வேண்டும். பெயின்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டும் தூசி வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஐயா, இந்த ஒரு வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பெயின்டைச் சுரண்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். முடித்ததும் குளித்துவிட்டுப் பிள்ளைகளிடம் போங்கள்.

மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், அதுதான் உயிருக்கு ஆபத்து. இருமல், மூச்சிரைப்பு வரும் வரை காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

சூடான மெழுகு கையில் கொட்டிவிட்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஒட்டிய மெழுகைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். மாவு, மை, பற்பசை, ஐஸ் எதுவும் வைக்க வேண்டாம். வளையலையும் மோதிரத்தையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். துணியில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கம்பளியாலோ நனைந்த சாக்காலோ போர்த்தி அணைக்க வேண்டும்.

அறுவடை முடிந்ததும் படுதாவை ஈரத்தோடு பரணில் ஏற்றாதீர்கள். இரண்டு நாள் வெயில் காட்டி, மடிக்காமல் சுருட்டி, எலி ஏறாத இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மடிப்பில்தான் முதலில் வெடிக்கும்.