உயிரும் மனச்சான்றும்

உயிர் இறைவனின் கொடை. அதைப் போக்கும் உரிமை நமக்கில்லை என்று மறைக்கல்வியில் கற்கிறோம். அப்படியானால், சாகும் தறுவாயில் இருப்பவரை எப்பாடுபட்டும் கருவிகளால் பிடித்து வைப்பது நம் கடமையா?

இல்லை. வழக்கமான சிகிச்சை கடமை. பெருஞ்சுமையாகும் அசாதாரணச் சிகிச்சை கட்டாயமல்ல என்று 1957-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் மருத்துவர்களுக்கு விளக்கினார். கருணைக்கொலை தவறு என 1980-இல் அறிவித்த வத்திக்கானும் இதை ஏற்றது. கொல்வது வேறு, வரும் மரணத்தை ஏற்பது வேறு. எனினும் உணவும் நீரும் கொடுப்பது அடிப்படைக் கடமை என்பது திருச்சபையின் போதனை.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கோரிய மனுவை 2011-இல் உச்சநீதிமன்றம் தள்ளியது. அவரைப் பேணிய செவிலியரும் அம்மனுவை எதிர்த்தனர். 2015-இல் அவர் இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அம்மருத்துவமனைச் செவிலியர்களே ஊட்டி, குளிப்பாட்டிக் காத்தனர். மீளமுடியாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாமென முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-இல் அந்நீதிமன்றம் ஏற்றது.

கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குப் பெற்றோர் சென்றபின், படுத்திருக்கும் பாட்டிக்கு நாமே துணை. ஒரு வாய்க் கஞ்சி, ஒரு செபமாலை, குருவானவரை அழைத்து நோயில்பூசுதல் - இவை அவருக்கு அமைதி தரும். மருந்து நிற்கலாம், அன்பு நிற்கலாகாது.