வழக்கறிஞர் இருவரின் மடல்கள்

கடிதம் இருவருக்கிடையே எழுதப்படினும், காலம் கடந்தபின் வரலாற்றுச் சான்றாகிவிடுகிறது. வழக்கறிஞர் எழுதும் கடிதத்திற்கு இப்பண்பு மிகுதி; நாளும் தொகையும் சொற்பொருளும் பிறழாமல் எழுதுதல் அவர்தம் தொழிற்பயிற்சி. அமெரிக்கக் குடியரசின் தொடக்கக்காலத் தலைவர்களான ஜான் ஆடம்சும் தாமஸ் ஜெபர்சனும் வழக்கறிஞர்களே. அரசியலால் பிரிந்த இருவரும் 1812-இல் மீண்டும் எழுதத் தொடங்கினர். இருவரும் ஒரே நாளில் மறைந்த 1826 வரை எழுதிய மடல்கள் அந்நாட்டு வரலாற்றுக்கு ஒளி தருகின்றன.

அத்தகைய மடல்கள் நமக்கும் உள. திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று 1895-இல் வழக்கறிஞரான வ.உ.சிதம்பரனாரும், இலண்டனில் சட்டம் கற்ற காந்தியடிகளும் 1915, 1916 ஆம் ஆண்டுகளில் எழுதிக்கொண்டவை அவை.

1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கித் துணைநின்றார். 1908-இல் சிறைத் தண்டனை. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிற்று. 1912-இல் விடுதலையானவரை வறுமை எதிர்கொண்டது. அவருக்கென்று தென்னாப்பிரிக்க இந்தியர் திரட்டிய பணம் காந்தியடிகளிடம் இருந்தது.

அதுகுறித்த மடல்களில் வ.உ.சி. தம் தேவையை மறைக்கவில்லை, மானத்தையும் இழக்கவில்லை. சென்னையில் சந்திக்கச் சில நிமிடங்களே ஒதுக்கப்பட்டபோது, தம் பேச்சு அதற்குள் முடியாது எனப் பணிவும் துணிவும் கலந்து எழுதினார். காந்தியடிகளோ கொடுத்தவர் விவரமறிந்தே பிறர் பொருளைக் கொடுக்க எண்ணினார். கணக்கறியக் காலம் பிடித்தது. காத்திருந்தவர் வீட்டில் வறுமையோ பொறுக்கவில்லை. இவ்விரு நியாயங்களின் மோதலே இம்மடல்களின் உயிர். 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது.

பணம் வ.உ.சி.க்குக் கிட்டவேயில்லை என்னும் பேச்சு பின்னாளில் உலவியதுண்டு. அதனைத் தீர்த்துவைத்தவை அம்மடல்களே. ஆ.இரா.வேங்கடாசலபதியின் ஆய்வுநூல் இத்தொகையையே தன் தலைப்பில் தாங்கியுள்ளது. மடல்கள் அழிந்திருப்பின் ஐயம் நிலைத்திருக்கும். இருவர் பெயருக்கும் இழுக்கு நேர்ந்திருக்கும்.

திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் பழைய கடிதங்கள் உறங்கும் பெட்டிகள் எத்தனையோ! பெரியோர்கள் அவற்றைக் கறையானுக்கு விடாது காத்தல் வேண்டும். மாணவர்கள் அவர்தம் இசைவுடன் படித்து, நாளும் பெயரும் குறித்துப் படியெடுத்தல் வேண்டும். கடித இலக்கியம் கற்பதன் பயன் அதுவே என்பது நம் கருத்து.